புறஞ்சேரி

ஊராட்சி ஆவணங்களில் ‘குக்கிராமம்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். பெரிய ஊர் ஒன்றைச் சார்ந்து, சில பத்து வீடுகளோடு தனித்து நிற்கும் குடியிருப்புக்கு அந்தப் பெயர். ‘குறு’ என்பதுதான் ‘குக்’ என்று திரிந்துவிட்டது எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. இது வடமொழிச் சொல். முன்னால் நிற்கும் ‘கு’வுக்குத் தாழ்ந்த, இழிந்த என்று பொருள். குதர்க்கம், குயுக்தி என்கிறோமே, அதே ‘கு’தான். பிறந்த ஊரின் பெயரோடு இப்படி ஓர் இகழ்ச்சியை ஒட்டி வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தாங்கவில்லை. ஆங்கிலத்தின் ‘ஹேம்லெட்’டில்கூட இந்த இழிவு இல்லை, பழைய பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல்லுக்குச் சின்னஞ்சிறு ஊர் என்பதே பொருள்.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் ‘சீறூர்’ நிறைய வருகிறது. சிறுமை என்பதோடு ஊர் சேரும்போது முதலெழுத்து நீண்டால் சீறூர்; ஒற்று இரட்டித்தால் சிற்றூர். அளவைச் சொல்கிறதே தவிர, யாரையும் தாழ்த்தவில்லை.

நகரத்தை ஒட்டிய சிற்றூருக்கு இன்னும் அழகான சொல் உண்டு: புறஞ்சேரி. புறம், சேரி என்ற இரண்டும் சேர, மகரம் ஞகரமாயிற்று. சிலப்பதிகாரத்தில் ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்று ஒரு காதையே இருக்கிறது. மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் முதலில் தங்கியது மதிலுக்கு வெளியே, அறவோர் வாழ்ந்த இந்தக் குடியிருப்பில்தான். இயக்கி என்ற பெண்தெய்வத்துக்குப் பாற்சோறு படைத்துவிட்டுத் திரும்பிய மாதரி என்ற ஆயர் முதுமகளிடம், அவர்களோடு வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலம் தருகிறார். மாதரி அவளுக்குச் செம்மண் பூசிய சிறுவீட்டை ஒழித்துக் கொடுக்கிறாள். வெள்ளரியும் மாங்கனியும் சாலி அரிசியும் பாற்பொருளும் தருகிறாள். மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். பிறகு ஒருநாள் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ தீங்கு வருகிறது என்று ஆய்ச்சியர் கூடிக் கைகோத்துக் குரவைக் கூத்து ஆடுகிறார்கள். நகர விளிம்பில் ஒரு சிற்றூர் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இதைவிட உயிருள்ள சித்திரம் தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘சேரி’ என்றதும் இன்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சொல்லின் பிறப்பு ‘சேர்’ என்ற வினை. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே பொருள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) அந்தப் பிராமண ஊரின் பகுதிகளைப் பன்னிரண்டு சேரி என்றே கணக்கிடுகின்றன. இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய இடங்களைப் பட்டியலிடும்போது கம்மாளரின் கம்மாணசேரி, கள்ளிறக்குவோரின் ஈழச்சேரி, பறையரின் பறைச்சேரி எல்லாம் வருகின்றன. ஆக, எல்லாருக்கும் சேரி இருந்தது. பிரித்துக் காட்டியது முன்னால் நின்ற அடைமொழி. பின்னாளில் பிறர் தங்கள் இடங்களைத் தெரு, அக்கிரகாரம் என்று மாற்றிக்கொள்ள, ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்கு மட்டும் சேரி என்ற பெயர் நின்றுவிட்டது. இந்தக் கறை சாதி பூசியது. சொல்மேல் குற்றமில்லை.

ஆட்சிச் சொற்களை மாற்ற முடியாது என்பதும் சரியன்று. குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகவில்லையா? அதுபோல் குக்கிராமம் வரும் இடமெல்லாம் சிற்றூர் என்று எழுதலாம். நகரை ஒட்டியதானால், புறஞ்சேரி என்று தயங்காமல் எழுதலாம். சோழர் கல்வெட்டில் ‘வெளிச்சேரி’ என்று இருந்த ஊர்தான் இன்றைய வேளச்சேரி. அங்கே வீடு வாங்கியவர்கள் யாரும் முகவரியில் அந்தச் ‘சேரி’யை மறைப்பதில்லை.