வெள்ளைச் சுவர் ஏன் சாம்பலாக விழுகிறது?

கேமராவை ஆட்டோ மோடில் வைத்து, ஃப்ரேம் முழுக்க வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அதே வெளிச்சத்தில் ஒரு கருப்புத் துணியை ஃப்ரேம் முழுக்க நிறைத்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சுவரும் துணியும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். கேமரா பழுதில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கேமராவின் லைட் மீட்டர் அளப்பது பொருளின் மேல் விழும் ஒளியை அல்ல, பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை. மங்கிய வெளிச்சத்தில் இருக்கும் வெள்ளைப் பொருளும் கடும் வெளிச்சத்தில் இருக்கும் கருப்புப் பொருளும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பலாம். எது எதுவென்று மீட்டருக்குத் தெரியாது. ஆகவே ‘எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல்’ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைத்தான் புகைப்படக்காரர்கள் நெடுங்காலமாக இதற்கு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நல்ல வெள்ளைத் தாள் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அதாவது ஐந்து மடங்கு. அந்த ஐந்து மடங்கையும் கேமரா அமுக்கிவிடுவதால்தான் சுவர் சாம்பலாகிறது.

இதைச் சரிசெய்ய, கேமரா போட்ட வெளிச்சக் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் இருக்கிறது. பிளஸ், மைனஸ் குறியிட்ட பொத்தான் அல்லது சக்கரம். வெள்ளை நிறைந்த காட்சிக்கு +1 முதல் +2 வரை, கருப்பு நிறைந்ததற்கு –1 முதல் –2 வரை. ‘வெள்ளையாக இருக்கிறதே, வெளிச்சத்தைக் குறைப்போம்’ என்று மனம் சொல்லும். செய்ய வேண்டியது நேர் எதிர். சன்னலுக்கு முன்னால் நிற்பவரின் முகம் கருத்துப்போவதும் இதே காரணத்தால்தான்: சன்னல் வெளிச்சம் சராசரியை ஏற்றிவிடுகிறது. அங்கே +1.5 வைக்கலாம், அல்லது ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை மட்டும் அளக்கலாம். முகம் தெளிந்தால் சன்னல் வெளுக்கும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆளை இடம் மாற்றுங்கள், இல்லை ஃபிளாஷ் போடுங்கள். இன்றைய போன்கள் முகத்தையும் காட்சியையும் அடையாளம் கண்டு ஓரளவு தாமே திருத்திக்கொள்ளும். திருத்தாதபோது திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை நகர்த்தினால் போதும்.

இந்த +1, –1 என்பது ஒரு ஸ்டாப். ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரட்டிப்பாகும், இறக்கினால் பாதியாகும். ஒளியை உள்ளே விடும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரில் இது எளிது: 1/125 வினாடியிலிருந்து 1/250க்குப் போனால் பாதி. பதிந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓவும் அப்படியே, 100, 200, 400. குழப்புவது அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின், எண்கள்தான்: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது இந்த எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் துளை 25 மி.மீ., எஃப்/4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியாகும்போது துளையின் பரப்பு கால்வாசியாகிவிடும். ஆக 2க்கும் 4க்கும் இடையே இரண்டு ஸ்டாப். ஒரே ஸ்டாப்புக்கு இரண்டின் வர்க்கமூலமான 1.414ஆல் பெருக்க வேண்டும், அதனால்தான் இடையில் 2.8 வருகிறது.

எஃப்/8, 1/125 எடுத்த படமும் எஃப்/4, 1/500 எடுத்த படமும் ஐஎஸ்ஓ மாறாதவரை ஒரே வெளிச்சத்தில்தான் இருக்கும். ஆனால் ஒரே படமாக இருக்காது. முதலாவதில் பின்னணி தெளிவாகத் தெரியும், ஓடுகிற கால் கலங்கலாம். இரண்டாவதில் கால் உறைந்து நிற்கும், பின்னணி மங்கும். எந்த விளைவு வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்ற எண்களை அதற்கு ஒத்துப்போக வையுங்கள். நடப்பவருக்கு 1/250, ஓடுபவருக்கு 1/1000 நல்ல தொடக்கம். அசையாத பொருளைக் கையில் பிடித்து எடுக்க 1/குவியத் தூரம் என்பது பழைய கணக்கு, 50 மி.மீ.க்கு 1/50. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இன்னும் மெதுவாகப் போகலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரே ஆடுகிற குழந்தையை அல்ல.

கலங்கிய படம் கிடைத்தால் உடனே அழிக்காமல் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர், முகம், கதவுப் பிடி எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது கேமரா. சுவர் கூர்மையாக இருந்து கை மட்டும் தேய்ந்திருந்தால் ஆடியது ஆள், ஷட்டர் போதவில்லை. முகம் கலங்கி, பின்னால் உள்ள காதோ சட்டைக் காலரோ துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறி அங்கே விழுந்திருக்கிறது. மூன்றும் இல்லாமல் படம் முழுக்க லேசாக மழுங்கியிருந்தால் அப்பர்ச்சர் எண்ணைப் பாருங்கள், 22 என்று இருக்கலாம். சிறு துளை வழியே வரும் ஒளி விளிம்பில் விலகிப் பரவும். எஃப்/16இல் ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரோமீட்டர் வட்டமாகப் பரவுகிறது. பல கேமராக்களில் பிக்சலின் அகலம் 4 முதல் 6 மைக்ரோமீட்டர்தான்.

ஐஎஸ்ஓவைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலுக்குப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ காரணமல்ல, ஒளிப் பற்றாக்குறைதான் காரணம். ஒளி துகள்களாக, ஒழுங்கின்றி வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். ஐஎஸ்ஓ அந்தக் குறைந்த சிக்னலைப் பெருக்கிக் காட்டுகிறது, இரைச்சலும் கூடவே பெருகுகிறது. அரங்குக்குள் ஐஎஸ்ஓ 400, 1/30 என்று வைத்துக் கலங்கலாக எடுப்பதைவிட ஐஎஸ்ஓ 3200, 1/250 என்று வைத்துச் சற்று இரைச்சலோடு எடுப்பது மேல். இரைச்சலை மென்பொருளில் குறைக்கலாம். கலங்கிய கண்ணை மீட்பது கடினம்.

எடுத்ததைத் திரையில் பார்த்து வெளிச்சத்தை முடிவுசெய்யாதீர்கள். இருட்டில் திரை பளிச்சென்றும் வெயிலில் மங்கலாகவும் தெரியும். எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பொய் சொல்லாது: இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். வலச் சுவரில் முட்டி நிற்கும் பகுதியில் பிக்சல்கள் நிரம்பிவிட்டன, அங்கே விவரம் எதுவும் பதிவாகவில்லை. இருண்ட பக்கத்தை, குறிப்பாக சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில், ஓரளவு தூக்கிவிடலாம். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16,384 படிநிலைகள், ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256. சிவப்புப் பூவை எடுக்கும்போது மட்டும் கூடுதல் கவனம். மொத்த ஹிஸ்டோகிராம் நடுவில் அழகாக இருக்க, சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி, இதழின் மடிப்புகள் மறைந்து ஒரே பூச்சாகத் தெரியும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

காம்போசிஷன், அதாவது ஃப்ரேமுக்குள் எதை எங்கே வைப்பது, என்றதும் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு விதியைச் சொல்வார்கள்: ஃப்ரேமை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளின் மேல் முக்கியப் பொருளை வைப்பது. ஓவியத்துக்காக 1797இலேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தது அது. ஆளை நட்டநடுவில் நிறுத்தும் பழக்கத்தை உடைக்க உதவும், அதற்குமேல் பெரிதாக எதுவும் இல்லை. அதைவிட முக்கியம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. என்று கொள்வோம். 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் காது 42 செ.மீ.இல் இருக்கும், மூக்கு அதைவிட 40 சதவீதம் பெருத்துத் தெரியும். 150 செ.மீ. தள்ளி நின்றால் வித்தியாசம் 8 சதவீதம்தான். செல்ஃபியில் மூக்கு பெரிதாவது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் வேலை. முகத்தை எடுக்க ஒன்றரை மீட்டராவது விலகி நின்று, பிறகு ஜூம் செய்யுங்கள். தலையிலிருந்து கம்பம் முளைத்தால் அரை அடி நகர்ந்தால் போதும். பொத்தானை அழுத்துமுன் ஃப்ரேமின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள்.

மீட்டருக்குப் பொருள் தெரியாதது போலவே, படத்துக்குப் பெயர் தெரியாது. அதைப் படக்குறிப்பு சொல்ல வேண்டும். ‘மேடையில் ஒருவர் பேசும் காட்சி’ என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. பேசுபவர் யார், என்ன பொறுப்பில் இருக்கிறார், எந்த நிகழ்ச்சி, எங்கே, எந்தத் தேதி என்பவைதான் வேண்டும். ‘காட்சி’ என்ற சொல்லை வெட்டினாலே பாதிக் குறிப்புகள் சீராகிவிடும். படத்தில் நடப்பதை நிகழ்காலத்தில் ஒரு வாக்கியமாகவும், அதன் பின்னணியை இறந்தகாலத்தில் இன்னொரு வாக்கியமாகவும் எழுதுங்கள். பலர் இருந்தால் ‘இடமிருந்து வலம்’. ‘சோகத்துடன் நிற்கும் பெண்’ என்று எழுதாதீர்கள். அவர் வெயிலுக்கு முகம் சுளித்திருக்கலாம். நிற்கிறார் என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும், மற்றது அவர் சொன்னால்தான். பழைய படமென்றால் எடுத்த தேதியைக் கட்டாயம் போடுங்கள்.

தேதிக்குக் கேமராவை நம்பும் முன் அதன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பேட்டரி தீர்ந்தாலோ நேர மண்டலம் மாறினாலோ எல்லாப் படத்திலும் தவறான நேரம் பதிந்துவிடும். பெயரின் எழுத்துகளை எடுத்த இடத்திலேயே அவரவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. குறிப்பை ஐபிடிசி புலத்தில், அதாவது படத்தின் விவரங்களுக்கென ஒதுக்கிய இடத்தில், கோப்புக்குள்ளேயே எழுதினாலும் தனியாக ஒரு நகல் வைத்திருங்கள். படத்தைப் பகிரும் பல செயலிகள் அந்தத் தகவலைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்புகின்றன.