பெயரெச்சம்: எஞ்சி நிற்பது எது?

ஆங்கில இலக்கணத்தின் ‘ரிலேட்டிவ் கிளாஸ்’ (relative clause; ‘the boy who came’ என்பதில் ‘who came’ போன்றது) என்பதைச் சிலர் ‘தொடர்புடை வாக்கியம்’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘சார்பு வாக்கியம்’ என்கிறார்கள். தமிழில் உள்ளதைக் குறிக்க இந்தப் புதுச் சொற்கள் தேவையே இல்லை. தொல்காப்பியம் ‘பெயரெஞ்சு கிளவி’ என்றும் நன்னூல் ‘பெயரெச்சம்’ என்றும் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டன.

அஞ்சு என்பதிலிருந்து அச்சம் வந்ததுபோல எஞ்சு என்பதிலிருந்து எச்சம் வந்தது. எஞ்சுதல் என்றால் மீதமாதல், முடியாமல் நிற்றல். ‘வந்த’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் “யார்?” என்று காத்திருப்பார். ‘பையன்’ என்ற பெயர் வந்தால்தான் அது முடியும். ‘ரிலேட்டிவ்’ என்பதன் லத்தீன் வேர் ‘திரும்பக் கொண்டுபோன’ என்ற பொருள் தரும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வரும், அதை விளக்கும் தொடர் பின்னால் வந்து பெயரை நோக்கித் திரும்பும். தமிழில் தொடர் முதலில் வந்து, வரப்போகும் பெயருக்காகக் காத்திருக்கும். வாசிப்பவரின் மனம் எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதை இரண்டு பெயர்களுமே காட்டிவிடுகின்றன.

‘வெட்டிய’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஆள், வெட்டிய மரம், வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள். ஐந்து உறவுகள், ஆனால் வினையின் வடிவம் ஒன்றுதான். நிலம், பொருள் (செயப்படுபொருள்), காலம், கருவி, வினைமுதல் (செய்பவர்), வினை ஆகிய ஆறுக்கும் ‘செய்யும், செய்த’ என்பவை ‘ஓரன்ன உரிமைய’, அதாவது ஒரே அளவு உரிமை உடையவை, என்கிறது தொல்காப்பியம். ஆங்கிலத்தில் இந்த உறவைக் காட்ட ‘ஹூ’, ‘விச்’, ‘வேர்’ போன்ற சொற்கள் இருக்கின்றன. தமிழில் வேற்றுமை உருபையும் உலக அறிவையும் வைத்து வாசிப்பவரே அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உருபு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ‘புலி கொல் யானை’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. கொன்றது புலியா, யானையா? ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று இதற்குப் பெயரிட்ட தொல்காப்பியம், பின்னால் வரும் சொல்லைக் கொண்டு பொருள் அறியலாம் என்கிறது. யானை ஓடுகிறது என்று வந்தால் செத்தது புலி. மனம் மொழியை எப்படிக் கையாள்கிறது என்று ஆராயும் இன்றைய உளமொழியியல் ஆய்வகங்களில் கேட்கப்படும் கேள்வியும் ஏறக்குறைய இதுவே.

அங்கே வாக்கியத்தைத் திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டுவார்கள். வாசிப்பவர் பொத்தானை அழுத்தினால் அடுத்த சொல் வரும். எந்தச் சொல்லில் எத்தனை மில்லிநொடி தயங்கினார் என்பது பதிவாகும். ‘அமைச்சரை விமர்சித்த நிருபர்’, ‘அமைச்சர் விமர்சித்த நிருபர்’ என்ற இரு வகைகளையும் ஆங்கிலத்தில் தந்து பார்த்தால், முதல் வகை (விமர்சித்தவர் நிருபர்) எளிதாகவும் இரண்டாவது வகை (விமர்சிக்கப்பட்டவர் நிருபர்), குறிப்பாக வினைச்சொல் வரும் இடத்தில், தாமதமாகவும் வாசிக்கப்படுகிறது. விளக்கப்படும் பெயருக்கும், தொடருக்குள் அந்தப் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரமே காரணம் என்பது ஒரு விளக்கம். சீனத்தில் தமிழைப் போலவே தொடர் பெயருக்கு முன்னால் வரும். அதனால் தூரக் கணக்கு அங்கே தலைகீழாகும். 2003இல் சியாவோ, கிப்சன் என்ற ஆய்வாளர்கள் சீனத்தில் இரண்டாம் வகையே எளிது என்று கண்டார்கள். பின்வந்த சில சோதனைகள் அதை மறுத்தன, வழக்கு இன்னும் முடியவில்லை. தமிழைப் போல வினை இறுதியில் நிற்கும் ஜப்பானியத்திலும் கொரியனிலும் முதல் வகையே எளிதாகத் தெரிகிறது. பாஸ்க் மொழியிலோ 2010இல் வெளியான ஆய்வு முதல் வகைதான் கடினம் என்றது. அந்த மொழியில் செயப்படுபொருள் குன்றா வினையின் எழுவாய்க்குத்தான் தனி உருபு, செயப்படுபொருளுக்கு உருபில்லை. ஆக, தூரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. உருபு எதைக் காட்டிக்கொடுக்கிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘அமைச்சர் நேற்று விமர்சித்த நிருபரைச் சந்தித்தார்.’ விமர்சித்தது யார்? நேற்று நடந்தது விமர்சனமா, சந்திப்பா? ‘விமர்சித்தார்’ என்று முடியும் என எதிர்பார்த்த கண், ‘விமர்சித்த’ என்பதைக் கண்டதும் பின்வாங்குகிறது. ‘நேற்று தம்மை விமர்சித்த நிருபரை அமைச்சர் சந்தித்தார்’ என்றோ, ‘தாம் விமர்சித்த நிருபரை அமைச்சர் நேற்று சந்தித்தார்’ என்றோ எழுதினால் குழப்பம் தீரும். எழுவாயைப் பெயரெச்சத் தொடருக்குப் பின்னால் தள்ளுவதும், காலச்சொல்லை அதற்குரிய வினையின் பக்கத்தில் வைப்பதும்தான் மருந்து.

கலைச்சொல்லைப் பற்றி ஒன்று: ‘வந்த’ என்ற வினைவடிவம் பெயரெச்சம். ‘வந்த பையன்’ என்று பெயரோடு சேர்ந்தது பெயரெச்சத் தொடர். ‘பையன்’ முடிக்கும் பெயர். ஆங்கிலத் தொடரில் பெயர் முன்பே வந்துவிடுவதால் எதுவும் எஞ்சுவதில்லை என்பதால், அதைப் ‘பெயரை விளக்கும் தொடர்’ என்று விரித்தே சொல்லலாம்.

பெயரெச்சங்கள் நிறைய இருந்தால் வாக்கியம் கடினமாகும் என்ற எண்ணமும் சரியல்ல. ‘சென்னையில் நடந்த மாநாட்டில் பேசிய அமைச்சர் வெளியிட்ட அறிக்கை’ என்பதில் மூன்று இருக்கின்றன. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்குவதால் சிரமமில்லை. ‘அமைச்சர் நிருபர் ஆசிரியர் அனுப்பிய கேள்வியைக் கேட்ட கூட்டத்திலிருந்து வெளியேறினார்’ என்பதில் இரண்டே இரண்டு. ஆனால் மூன்று எழுவாய்கள் வினை கிடைக்காமல் வரிசையில் நிற்கின்றன. அதே சொற்களை இடம் மாற்றினால் போதும்: ‘ஆசிரியர் அனுப்பிய கேள்வியை நிருபர் கேட்ட கூட்டத்திலிருந்து அமைச்சர் வெளியேறினார்.’