ஓவர்ரைடு செய்ததாக நினைத்துக்கொண்டு…

புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் ஜாவா கோடை ரிவ்யூ செய்வது என் வேலையில் ஒரு பகுதி. ஒரு கிளாஸ் இன்னொன்றின் மெத்தடுகளைப் பெறும் இன்ஹெரிட்டன்ஸ் பற்றிக் கேட்டால் எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். விலங்கு பேரன்ட் கிளாஸ், நாய் சைல்டு கிளாஸ், இரண்டிலும் சத்தம் போடும் மெத்தட். ஆனால் அந்த எடுத்துக்காட்டில் தவறு நடக்க இடமே இல்லை. பேரன்ட்டின் மெத்தடைச் சைல்டு மாற்றி எழுதும் ஓவர்ரைடிங் எங்கே சறுக்கும் என்பது தெரியாமலே படிப்பு முடிந்துவிடுகிறது.

அடிக்கடி பார்ப்பது இது. மாணவர் என்று ஒரு கிளாஸ். பதிவு எண் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று ஈக்வல்ஸ் மெத்தட் எழுதுகிறார்கள். பாராமீட்டராக மாணவர் வகையையே கொடுக்கிறார்கள். கம்பைல் ஆகிறது. ஆனால் ஜாவாவில் எல்லாக் கிளாஸுக்கும் மூலமான ஆப்ஜெக்ட் கிளாஸில் உள்ள ஈக்வல்ஸ், ஆப்ஜெக்ட் வகையைத்தான் வாங்கும். பாராமீட்டர் வகை மாறியதும் இது ஓவர்ரைடிங் இல்லை, ஓவர்லோடிங். பழைய மெத்தட் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று.

இரண்டு மாணவர்களை நேரடியாக ஒப்பிட்டு டெஸ்ட் எழுதினால் பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் அங்கே கம்பைலர் புதிய மெத்தடைத் தேர்ந்தெடுக்கிறது. அப்புறம் அதே ஆப்ஜெக்டுகளை, ஒன்றை ஒரு முறைக்கு மேல் வைக்காத தொகுப்பான ஹேஷ்செட்டில் போட்டால் ஒரே மாணவர் இரண்டு முறை இருப்பார். ஹேஷ்செட் கூப்பிடுவது பழைய ஈக்வல்ஸை. ஹேஷ்செட் தேடுவதற்குப் பயன்படுத்தும் ஹேஷ்கோட் மெத்தடைச் சரியாக ஓவர்ரைடு செய்திருந்தாலும் இதே கதிதான். எக்ஸெப்ஷன் வராது, லாக்கிலும் ஒன்றும் தெரியாது. ஒருவருக்கே இரண்டு கட்டண ரசீது போன பிறகுதான் தேட ஆரம்பிப்பார்கள்.

இதைத் தடுக்க மெத்தடுக்கு மேலே @ஓவர்ரைடு என்று ஒரு வரி போதும். 2004-இல் வந்த ஜாவா 5 முதல் இருக்கிறது. பேரன்ட்டில் அப்படியொரு மெத்தட் இல்லையென்றால் கம்பைலரே நிறுத்திவிடும். கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். சி பிளஸ் பிளஸில் 2011 தரத்திலிருந்து இதற்கான சொல் உண்டு. அங்கே மெத்தட் ஆப்ஜெக்டை மாற்றாது என்று குறிக்கும் கான்ஸ்ட் என்ற சொல் விடுபட்டாலே ஓவர்ரைடு நழுவிவிடும். பைதானில் 2023-இல், 3.12 பதிப்பில் இதற்காக மெத்தடுக்கு மேலே எழுதும் ஒரு டெகரேட்டர் வந்தது. ஆனால் புரோகிராம் ஓடும்போது அது எதையும் தடுக்காது, ஓடுவதற்கு முன்பே வகைகளைச் சரிபார்க்கும் மைபை போன்ற டைப் செக்கர் வைத்திருந்தால்தான் பயன்.

ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள், ஓவர்ரைடு ஆகக்கூடிய மெத்தடைக் கூப்பிடுவதும் ஆபத்து. ஜாவாவில் பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர் முதலில் ஓடும், ஆனால் அது கூப்பிடும்போது ஓடுவது சைல்டின் மெத்தட். அந்த நேரத்தில் சைல்டின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு ஏறியிருக்காது. சி பிளஸ் பிளஸில் இதே இடத்தில் பேரன்ட்டின் மெத்தடே ஓடும்.

கோடைத் திரும்ப எழுதாமல் இருப்பதற்காக மட்டும் எக்ஸ்டெண்ட்ஸ் போட்டு இன்னொரு கிளாஸின் சைல்டு ஆக்குவதையும் யோசித்துச் செய்யுங்கள். ஜாவா லைப்ரரியின் ஸ்டாக் கிளாஸ், எந்த இடத்திலும் செருகக்கூடிய பட்டியலான வெக்டரை எக்ஸ்டெண்ட் செய்கிறது. அதனால் மேலிருந்து மட்டுமே எடுக்க வேண்டிய ஸ்டாக்கின் நடுவிலும் எதையாவது செருகிவிடலாம். ஜாவாவின் ஆவணமே இப்போது அதற்குப் பதில் டெக் இன்டர்ஃபேஸைப் பரிந்துரைக்கிறது.

கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. ஓவர்ரைடு செய்யும் மெத்தடின் முதல் வரியைக் கையால் அடிக்காதீர்கள். கோடு எழுதும் மென்பொருளான இன்டெல்லிஜேவில் கன்ட்ரோல் ஓ அழுத்தினால் பேரன்ட்டின் மெத்தடுகள் பட்டியலாக வரும். தேர்ந்தெடுத்தால் பாராமீட்டர் வகையும் @ஓவர்ரைடும் சரியாக வந்து விழும். எக்ளிப்ஸிலும் இந்த வசதி உண்டு. பிறகு பேரன்ட் வகை வேரியபிளில் சைல்டு ஆப்ஜெக்டை வைத்து அந்த மெத்தடைக் கூப்பிட்டு ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.