இல்லாத சுரத்தை எழுப்பும் வளைவு: சாச்சுரேஷன் ப்ளகினை எப்படித் தேர்ந்தெடுப்பது

தம்புராவை ஸ்ருதி சேர்த்து மீட்டினால் ஸட்ஜத் தந்தியிலிருந்து ஸட்ஜம் மட்டும் வருவதில்லை. சற்றுக் காது கொடுத்தால் மேல் பஞ்சமம் கேட்கும், அதற்கும் மேலே அந்தர காந்தாரம் மெல்ல எழுந்து மறையும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். 1921-இல் சி. வி. ராமன் நம் தந்தி வாத்தியங்களை ஆராய்ந்தபோது இதிலிருக்கும் விந்தையைக் கவனித்தார். அடிச்சுரத்தின் இரண்டு, மூன்று மடங்கு என்று மேலே எழும் அதிர்வெண்களை ஹார்மோனிக் என்பார்கள். தந்தியை மீட்டும் இடத்தில் எந்த ஹார்மோனிக்குக்கு அசைவே இல்லையோ, அந்த ஹார்மோனிக் ஒலிக்கக் கூடாது என்பது இயற்பியலாளர் தாமஸ் யங் காலத்திலிருந்து வந்த விதி. சரியாக நடுவில் மீட்டினால் 2, 4, 6 என்ற இரட்டை எண் ஹார்மோனிக்குகள் வரவே கூடாது. தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. காரணம், தந்தியைத் தாங்கும் குதிரை என்ற பகுதி. அது கூரிய விளிம்பாக இல்லாமல் அகலமாக, மெல்லிய வளைவோடு இருக்கிறது. தம்புராவில் அதன்மேல் ஒரு நூலும் செருகியிருக்கும். ஒவ்வொரு அதிர்விலும் தந்தி அந்த வளைவில் படிந்து படிந்து விலகும்போது, மீட்டிய அசைவில் இல்லாத அதிர்வெண்கள் பிறக்கின்றன.

பாட்டுப் பதிவு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலான சாச்சுரேஷன் ப்ளகின், கணினிக்குள் செய்வதும் இதுதான். உள்ளே போகும் ஒலியில் இல்லாத சுரங்களை அது உண்டாக்குகிறது. செந்தூல், கிள்ளான், பூச்சோங் பக்கம் படுக்கையறையிலேயே ஸ்டூடியோ அமைத்துத் தமிழ்ப் பாட்டு செய்யும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணே, எந்த சாச்சுரேஷன் நல்லது?" என்றுதான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒன்று கிடையாது. ஆனால் எது எப்படி வளைக்கிறது என்று தெரிந்துகொண்டால், திரையில் தெரியும் பழைய கருவியின் படத்தைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்காது.

வளைவு என்று நான் சொல்வது ஒரு வரைபடத்தை. கிடையில் உள்ளே போகும் ஒலியின் அளவு, நெடுக்கில் வெளியே வரும் அளவு. வால்யூம் நாப் என்றால் அது நேர்க்கோடு: உள்ளே இரண்டு மடங்கு கொடுத்தால் வெளியேயும் இரண்டு மடங்கு. நேர்க்கோடு புதிய சுரம் எதையும் உண்டாக்காது. கோடு எங்கே வளைய ஆரம்பிக்கிறதோ அங்கே அலையின் உச்சி நசுங்குகிறது, வடிவம் மாறுகிறது, ஹார்மோனிக்குகள் பிறக்கின்றன.

100 ஹெர்ட்ஸ் சுத்த அலை ஒன்றை அனுப்பிப் பார்ப்போம். அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவில் நசுங்கினால் 300, 500, 700 என்று ஒற்றை எண் ஹார்மோனிக்குகள் மட்டும் வரும். ஒரு பாதி அதிகமாகவும் மறுபாதி குறைவாகவும் நசுங்கினால் 200, 400 என்று இரட்டை எண்களும் சேரும். நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால், 100-ஐ ஸட்ஜமாக வைத்தால் 200 மேல் ஸட்ஜம், 300 அதற்கு மேலே பஞ்சமம், 500 அந்தர காந்தாரம். 700 மட்டும் எந்த சுரஸ்தானத்திலும் சரியாக உட்காராது. கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்.

இரட்டை எண் என்றால் இனிமை, ஒற்றை எண் என்றால் கரகரப்பு என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். பாதிதான் உண்மை. மூன்றாவது ஹார்மோனிக் பஞ்சமம்தானே, அதில் என்ன கரகரப்பு? காதை உறுத்துவது ஏழு, ஒன்பது, பதினொன்று என்று மேலே நீளும் வரிசை. வளைவு மெதுவாகத் திரும்பினால் அந்த வரிசை சீக்கிரம் அடங்கிவிடும். மூலையில் சட்டென்று ஒடிந்தால் வெகுதூரம் நீளும். ஆகவே ஒற்றையா இரட்டையா என்பதைவிட, எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இது எங்கே உதவும் என்றால், இங்குள்ள தமிழ் ஹிப்ஹாப்பில் தவறாமல் வரும் 808 பேஸில். 1980-இல் ரோலண்ட் வெளியிட்ட அந்த டிரம் மெஷினின் கிக் ஒலியை நீட்டித்து உருவான பேஸ் அது, கிட்டத்தட்ட சுத்த அலை. 49 ஹெர்ட்ஸில் அது அதிரும்போது கார் சப்வூஃபரில் நெஞ்சை அடைக்கும். அதே பாட்டை மாமாக் கடை மேசையில் போனை வைத்துப் போட்டால் பேஸைக் காணோம். போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் காற்றை நகர்த்த முடியாது. அதிர்வெண் வாரியாக அளவை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் 49-ஐ எவ்வளவு ஏற்றினாலும் இதே கதைதான். சாச்சுரேஷன் போட்டால் 98, 147, 196, 245, 294 என்று மேலே படிகள் கிடைக்கின்றன. போன் 245, 294, 343 ஆகியவற்றை மட்டும் ஒலித்தாலும், அவற்றுக்கிடையே 49 இடைவெளி இருப்பதை நம் கேட்கும் புலன் கண்டுபிடித்து, அடியில் இல்லாத 49-ஐ நாமே கேட்பதுபோல் உணர்கிறோம். இந்த வேலைக்கு ஒற்றை, இரட்டை இரண்டும் தரும் ப்ளகின் வேண்டும். ஒற்றை எண்கள் மட்டும் என்றால் 245, 343, 441 என்று இடைவெளி 98 ஆகிவிடும், அடிச்சுரம் அவ்வளவு தெளிவாகப் பிடிபடாது.

உறுமிக்கு நேர் எதிர். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகலிலேயே ஹார்மோனிக்குகள் நிறைந்திருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பத்துமலையிலோ பினாங்கு தண்ணீர்மலையிலோ உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேலும் சுரங்களைக் கொட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். உறுமியிலும் தவிலிலும் சாச்சுரேஷனுக்கு இருக்கும் வேலை வேறு: அடியின் கூர்மையான முதல் நொடித்துளியை லேசாக மழுக்குவது. உச்சி இரண்டு மூன்று டெசிபல் குறைந்தால் முழு வாத்தியத்தையும் அந்த அளவுக்கு மிக்ஸில் முன்னே கொண்டுவரலாம். சத்தம் கூடும்போது தானாகவே குறைக்கும் கம்ப்ரஸரும் இதைச் செய்யும், ஆனால் அது விழித்துக்கொண்டு வேலை செய்ய நேரம் எடுக்கும். வளைவுக்குக் காத்திருப்பு கிடையாது.

இதுவரை ஒரு சுரத்தைப் பற்றித்தான் பேசினோம். இரண்டு சுரம் ஒன்றாகப் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் பிறக்கும். ஸட்ஜம் 200, பஞ்சமம் 300 என்றால் கழித்தால் 100, கூட்டினால் 500. ஒன்று கீழ் ஸட்ஜம், மற்றது அந்தர காந்தாரம். எல்லாம் பொருந்திப்போகும். கிதாரில் கனமான டிஸ்டார்ஷன் போடுபவர்கள் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடிப்பது இதனால்தான். கீபோர்டில் 400, 504, 599 என்று மேஜர் கார்டு வாசித்தால் கதை மாறும். கழித்தல்கள் ஏறக்குறைய 104, 95. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதி வினாடிக்கு எட்டு ஒன்பது தடவை துடிக்கும், அடியில் சேறு கலக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. ஈக்யூவைத் தனித்தனி டிராக்கில் போட்டாலும், அதே அமைப்பை எல்லா டிராக்குகளும் ஒன்றுசேர்ந்து போகும் பஸ் என்ற தடத்தில் போட்டாலும் விளைவு ஒன்றுதான். சாச்சுரேஷன் அப்படியல்ல. தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொரு வாத்தியமும் தன் ஹார்மோனிக்கை மட்டும் எழுப்பும். பஸ்ஸில் போட்டால் குரலும் பேஸும் கீபோர்டும் ஒன்றையொன்று பெருக்கி, யாரும் பாடாத சுரங்களை உண்டாக்கும். பஸ்ஸில் அரை டெசிபல் அளவுக்கு இது எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். அதற்கு மேல் போனால் என் காதுக்குப் பிடிப்பதில்லை. கனமான வேலையைத் தனி டிராக்கிலேயே முடித்துவிடுங்கள்.

டேப், டிரான்ஸ்பார்மர், வால்வு என்று ப்ளகின்களில் பெயர் வைத்திருப்பது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல; ஒவ்வொன்றும் வளையும் இடம் வேறு. டிரான்ஸ்பார்மரின் இரும்பு மையத்தில் காந்தப் பாய்வு, மின்னழுத்தம் எவ்வளவு நேரம் ஒரே திசையில் நீடிக்கிறது என்பதைப் பொறுத்தது. தாழ்ந்த அதிர்வெண்ணில் அது அதிக நேரம் நீடிப்பதால் பேஸ் முதலில் நசுங்கும், மேல்பகுதி சுத்தமாக இருக்கும். டேப்பில் பதியும்போது உயர் அதிர்வெண்களை ஏற்றிக் கொடுப்பார்கள், அதனால் அங்கே மேல்பகுதி சீக்கிரம் நிரம்பிவிடும். ஜால்ராவின் கூர்மை மழுங்குவது அதனால்தான். டேப்பின் காந்தத் துகள்களுக்கு முந்தைய நிலையின் நினைவும் உண்டு. ஒரே உள்ளீட்டுக்கு, ஏறும்போது ஒரு பதிலும் இறங்கும்போது வேறு பதிலும் தரும். இலவசமாகக் கிடைக்கும் சவ் டேப் மாடல் என்ற ப்ளகின், சோனி டிசி-260 என்ற பழைய டேப் ரெக்கார்டரை அடிப்படையாக வைத்து இந்த நினைவையும் கணக்கிடுகிறது. டிரயோடு என்ற எளிய வகை வெற்றிடக் குழாய் வால்வு ஒன்று தனியாக வேலை செய்தால் இரு பாதியும் சமமாக இருக்காது, இரண்டாவது ஹார்மோனிக் ஓங்கும். இரண்டு வால்வுகளை எதிரெதிராக இணைத்தால் இரட்டை எண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கணினிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, பழைய கருவிகளுக்கு அது கிடையாது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்தால் 22.05-க்கு மேலே எதற்கும் இடமில்லை. ஜால்ராவில் இருக்கும் 9 கிலோஹெர்ட்ஸின் ஐந்தாவது ஹார்மோனிக் 45. அது மேலே போய் மறைந்துவிடாது. மடங்கி வந்து 900 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பாட்டின் ஸ்ருதிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மலிவான ப்ளகின் 'டிஜிட்டல் நாற்றம்' அடிக்கிறது என்று பையன்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஓவர்சாம்பிளிங் என்ற வசதி, உள்ளுக்குள் நான்கு அல்லது எட்டு மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டு, மேலே போனதை வடிகட்டிவிட்டுத் திரும்ப இறக்கும். 808-க்கு இது பெரிதாக வேண்டியதில்லை. குரல், ஜால்ரா, ஹை-ஹேட் என்றால் கட்டாயம் வேண்டும். லேப்டாப் திணறினால் வேலை செய்யும்போது அணைத்து வைத்து, கடைசியில் பாட்டை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் போடலாம். பல ப்ளகின்களில் அதற்குத் தனி அமைப்பே உண்டு.

குரலுக்கு இன்னொன்று: ச, ஸ ஒலிகளைத் தணிக்கும் டி-எஸ்ஸரை சாச்சுரேஷனுக்கு முன்னால் வையுங்கள். சீறல் வளைவுக்குள் போனபிறகு பிடிப்பது கடினம்.

சரி, கையில் இருக்கும் ப்ளகின் எந்த வகை என்று எப்படித் தெரியும்? ஒரு காலி டிராக்கில் சுத்த அலையை எழுப்பும் டோன் ஜெனரேட்டரை வைத்து, அடுத்து ப்ளகின், அதற்கடுத்து எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர். 100 ஹெர்ட்ஸைப் போட்டு, ஒலியை வளைவுக்குள் எவ்வளவு தள்ளுவது என்று தீர்மானிக்கும் டிரைவைத் திருகினால் எந்த ஹார்மோனிக்குகள், எவ்வளவு சீக்கிரம் அடங்குகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். அளவை மாற்றாமல் 50-க்கும் 5,000-க்கும் மாற்றிப் பாருங்கள். எங்கே அதிகம் வளைகிறது என்பது புரியும். பிறகு 5,000-லிருந்து மெதுவாக ஏற்றுங்கள். எல்லாக் கோடுகளும் மேலே போகும்போது ஏதாவது ஒன்று கீழ்நோக்கி வந்தால், அது மடங்கிய ஒலி. டிரைவைத் திருகுமுன் உள்ளே போகும் அளவையும் பாருங்கள். பழைய கருவிகளைப் பின்பற்றும் பல ப்ளகின்கள் சராசரி மைனஸ் 18 டெசிபல் எஃப்.எஸ். (கணினியின் உச்ச அளவைப் பூஜ்யமாக வைத்து அளப்பது) அளவை எதிர்பார்க்கின்றன. சாம்பிள் பேக்கிலிருந்து எடுத்த டிரம் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும்; அப்படியே விட்டால் தொடும்முன்பே நசுங்கிவிடும்.

அனலைசர் சொன்னதைக் காதும் ஒப்புக்கொள்ள வேண்டும், அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். டிரைவ் ஏற்றினால் சத்தமும் ஏறும். ஒரு டெசிபல் கூடினாலே 'அடடா, உயிர் வந்துவிட்டது' என்று தோன்றும். 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட அளவீடுகளிலிருந்தே ஒன்று தெரியும்: சத்தம் கூடும்போது தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாகப் பெருத்துக் கேட்கும். ப்ளகின் போட்டதும் போடாததும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி அவுட்புட்டைக் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ப்ளகினை இடையில் துண்டிக்கும் பைபாஸ் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு) பக்கம் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும், ஆகவே சத்தத்தால் கிடைத்த அழகு கேட்பவரிடம் போய்ச் சேராது.

முதலில் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: எதையும் வாங்காதீர்கள். சாஃப்ட்யூப் சாச்சுரேஷன் நாப், கிளாங்ஹெல்ம் இவ்கி, சவ் டேப் மாடல் மூன்றும் இலவசம். இவற்றை வைத்து மேலே சொன்ன சோதனையைச் செய்து, உங்கள் பாட்டில் எது குறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பேஸை ஒரு மாதிரியும் மேல்பகுதியை இன்னொரு மாதிரியும் வளைக்க வேண்டிய தேவை அடிக்கடி வந்தால், அதிர்வெண்ணைப் பல பட்டைகளாகப் பிரித்துத் தரும் ஃபேப்ஃபில்டர் சாட்டர்ன் 2 போன்ற ஒன்றுக்கு ரிங்கிட் சேர்க்கலாம். குரலுக்கும் டிரம்முக்கும் ஐந்து குணங்களை ஒரே திரையில் மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் சவுண்ட்டாய்ஸ் டிகாப்பிட்டேட்டர் வேகமானது. இரண்டுக்கும் சோதனைப் பதிப்பு உண்டு. காசு கட்டுமுன் உங்கள் உறுமி டிராக்கையே அதில் ஓட்டிப் பாருங்கள்.