துப்புத் துலக்கியவருக்குப் பொன்னாடை போர்த்தும் முன்

குற்றப்பிரிவில் காலம் முழுக்க உழைத்த ஆய்வாளர் ஒருவர் பணி நிறைவு பெற்றால் நாகர்கோவில், தக்கலைப் பக்கம் பாராட்டு விழாவுக்குக் குறைவிருக்காது. பொன்னாடை, கேடயம், ஆளுயர ஃப்ளெக்ஸ், மதியச் சாப்பாடு. எல்லாம் சரிதான். ஆனால் மேடையேறுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள்: "சாரு ரெண்டு வச்சாருன்னா போதும், கள்ளன் எல்லாத்தையும் கக்கிருவாம்லா!" உடனே கைதட்டல்.

குற்றவியல் வழக்காடும் எங்களுக்கு இதைக் கேட்டாலே தலை வலிக்கிறது. ஒப்புதல் வாங்குவதற்காக ஒருவரை அடிப்பது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம்) 120-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை போகும். அந்தக் குற்றத்தைச் செய்தவர் என்று ஒரு நேர்மையான அதிகாரியை அவர் மனைவி, பேரப்பிள்ளைகள் முன்னால் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு மாலையும் போடுகிறார்கள்.

சரி, அடித்து வாங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வழக்குக்கு என்ன பயன்? போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவாகிவிட்டது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: காவலில் இருப்பவர் சொன்னதால் ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சேர்ந்த சொற்கள் மட்டும் செல்லும். "சங்கிலியைத் தென்னந்தோப்புக் கிணற்றடியில் புதைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்பது செல்லும். "அந்தம்மாவைத் தள்ளிவிட்டு அறுத்த சங்கிலி" என்ற பகுதி செல்லாது. நாடு விடுதலை பெறுமுன்பே, அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் கொட்டையா வழக்கில் கோடு கிழித்துவிட்டது. இன்றைக்கும் நாட்டின் எந்த அமர்வு நீதிமன்றத்திலும் அந்தக் கோடுதான். ஒப்புதலில் பத்துப் பக்கம் இருக்கலாம், நீதிபதி சான்றாவணமாகக் குறியீடு செய்வது இரண்டு வரி. சில வழக்குகளில் அந்த இரண்டு வரியும் இல்லாமல் போகும், ஏனென்றால் பொருளை எடுத்த இடத்துக்குச் சாட்சியாக நின்றவர் கூண்டில் ஏறி, "நான் போகவே இல்ல சார், ஸ்டேஷன்ல வச்சுதான் கையெழுத்து வாங்கினாங்க" என்பார்.

அப்படியென்றால் நல்ல துப்பறிவாளரின் வேலை எங்கே இருக்கிறது? எழுத்தில். சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், கைப்பற்றல் மகஜர், பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95, நாள்தோறும் எழுதிய வழக்கு நாட்குறிப்பு. பீரோ எந்தச் சுவரை ஒட்டி நின்றது, தெருவிளக்கு எத்தனை அடி தள்ளி, எரிந்ததா இல்லையா, பின்கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்து நெம்பப்பட்டதா வெளியிலிருந்தா என்பதையெல்லாம் அன்றைக்கே எழுதியவரைக் குறுக்கு விசாரணையில் அசைப்பது கடினம். எதிர்த்தரப்பில் நின்று தோற்ற வக்கீல்களைக் கேட்டால் யார் நல்ல புலனாய்வாளர் என்று சொல்வார்கள்; அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. மத்திய உள்துறை அமைச்சர் பெயரில் 2018 முதல் சில ஆண்டுகள் கொடுத்த புலனாய்வுப் பதக்கம்கூடப் புலனாய்வின் தரத்துக்குத்தான் கொடுக்கப்பட்டது, கைபலத்துக்கு அல்ல. இன்னொன்று: விரல்ரேகையை வகைப்படுத்தும் முறைக்கு ஹென்றி என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் வங்காளக் காவல்துறையின் அசிசுல் ஹக்கும் ஹேம்சந்திர போஸும். எழுதுகிறவனை மறப்பது புதுப்பழக்கம் ஒன்றும் இல்லை.

இப்போது மக்கள் பக்கம். களவு போன வீட்டில் போலீஸ் வருவதற்குள் என்ன நடக்கிறது? சொந்தக்காரர் எல்லாரும் உள்ளே ஏறி, ஆளுக்கொரு முறை பீரோவைத் திறந்து பார்த்து, கலைந்த துணியை மடித்து வைத்து, யாராவது ஒரு சித்தி தரையையும் துடைத்துவிடுகிறார். கேட்டால், "போலீஸ்காரங்க வாறாங்க, வீடு அலங்கோலமா கெடக்கே!" அம்மா தாயே, அந்த அலங்கோலம்தான் அவர்களுக்கு வேண்டும். ரேகை என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வியர்வைப் படிவு. ஸ்டீல் பீரோ, கண்ணாடி, பாலிஷ் போட்ட மரம் ஆகியவற்றில் நன்றாகப் பதியும், ஒரு துடைப்பில் போய்விடும். கள்ளன் தொட்டதை நீங்கள் தொடாதீர்கள். அந்த அறையைச் சாத்திவிட்டு எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிடுங்கள். பின்வாசலில் காலடித் தடம் இருந்து, மழை வரும்போல் இருந்தால் (நம்மூரில் இரண்டு பருவமழை, எப்போதும் வரும்போல்தான் இருக்கும்) ஒரு பேசினைத் தடத்தின்மேல் தொடாமல் கவிழ்த்து வையுங்கள். வீட்டாரின் ரேகையையும் கேட்பார்கள். சந்தேகப்பட்டு அல்ல, உங்கள் ரேகையைக் கழித்துவிட்டு அந்நியரேகையைப் பிரிப்பதற்கு. அதற்குப் போய்க் கோபப்பட்டுச் சண்டை போடாதீர்கள்.

எதிர்வீட்டு சிசிடிவி ஒரு பெரிய ரோதனை. கடைக்காரர் திரையை செல்போனில் படம்பிடித்து வாட்ஸப்பில் ஊர் முழுக்க அனுப்பிவிடுவார், மூலப்பதிவு டி.வி.ஆர். என்ற பதிவுக் கருவியிலேயே கிடக்கும். வட்டு நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். வட்டின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்து இரண்டு வாரத்திலும் அழியலாம். எனவே அன்றைக்கே போலீசிடம் சொல்லி நகல் எடுக்க வையுங்கள். டி.வி.ஆர். கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்பதையும் குறித்துக் கொடுங்கள், அதைத் திருத்த மட்டும் செய்யாதீர்கள். மின்னணுப் பதிவுக்காகப் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும், ஹேஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) அதில் வேண்டும். "எனக்கு எதுக்கு கோர்ட்டு வம்பு" என்று அந்தக் கையெழுத்தை மறுக்கும் அதே கடைக்காரர்தான் விழாவில் முதல் பொன்னாடை போர்த்துகிறார்.

புகார் மனுவைப் பற்றி ஒரு கெஞ்சல். எட்டுப் பவன் போனால் எட்டு என்றே எழுதுங்கள். "போனது போச்சு, இருபதுன்னு போடு" என்று யோசனை சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். பிடிபட்டவனிடம் எட்டுதான் கிடைக்கும். மீதிப் பன்னிரண்டை அதிகாரி அமுக்கிவிட்டார் என்று அந்த மாமாவே பேசுவார். நீதிமன்றத்தில் உங்கள் சொல் முழுதுமே சந்தேகத்துக்குள்ளாகும். நகை பில்லையும், ஹால்மார்க் நகையில் இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியீட்டையும், அணிந்திருக்கும் படத்தையும் வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில் சேமித்து வையுங்கள். மீட்ட நகையை இடைக்காலமாகத் திரும்பப் பெறுவதற்கும் அவை உதவும்.

திருவனந்தபுரம் பஸ்ஸில் களியக்காவிளை தாண்டிப் பணப்பை போனால், "அது கேரளா எல்லையா, நம்ம எல்லையா" என்று நின்று யோசிக்க வேண்டாம். பிடியாணை இல்லாமலே போலீசார் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம்) 173 சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். தாமதித்துக் கொடுத்தால், ஏன் தாமதம் என்பதற்கு உங்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டு கூண்டில் நிற்கப்போவது அந்தப் புலனாய்வாளர்தான்.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் நிற்பார். சம்மன் வரும், முழங்கால் வலியோடு பஸ் பிடித்து வந்து வராந்தாவில் காத்திருப்பார். ஓய்வுபெற்றவர் தயாரித்த ஆவணத்தை இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் மூலம் நிரூபிக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 336-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் சம்பவ இடத்தைக் கண்ணால் பார்த்தவர் சொல்வதற்கு அது ஈடாகாது. அப்படி வந்தவருக்கு முன்னால்தான் ஊர்க்காரர் பிறழ் சாட்சியாகிறார். போலீசார் விசாரித்து எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது, அதனால் மாற்றிச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கூண்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் பி.என்.எஸ். 229 இருக்கிறது, 7 ஆண்டு வரை. பயம்தான் காரணம் என்றால் அதற்கும் வழியுண்டு. உச்ச நீதிமன்றம் ஏற்ற 2018-ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மனுக் கொடுக்கலாம். அறுபது வயது தாண்டியவர்களையும் பெண்களையும் விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும்.

விழா நடத்துகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அவர் துலக்கிய வழக்குகளை ஃப்ளெக்ஸில் வரிசைப்படுத்தும்போது மேல்முறையீட்டில் நிற்கும் வழக்கு எது என்று அவரிடமே கேட்டு நீக்குங்கள். பாலியல் வழக்கானால் பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், பள்ளி எதுவும் மேடையிலும் வேண்டாம், நினைவு மலரிலும் வேண்டாம். வெளியிட்டால் பி.என்.எஸ். 72-இல் 2 ஆண்டு வரை சிறை. குழந்தை என்றால் போக்சோ 23-வது பிரிவும் சேரும்.