ஏற்புடைமை: ஒரு தேர்வு எதற்கு ஏற்றது?

குழந்தைகளின் உடலியக்கத் திறனை அளக்கும் தேர்வுகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'வேலிடேஷன்' என்பதைச் 'சரிபார்ப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது. சரிபார்ப்பதற்கு விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கே கேட்பதோ, ஒரு தேர்வு தான் அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்பது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தராசு எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடையைக் காட்டலாம், அது நம்பகத்தன்மை. ஆனால் மஞ்சளின் தரத்தை அந்த எடை சொல்லாது என்பதால்தான் வியாபாரி விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்க்கிறார்.

'வேலிடேஷன்' என்பதன் மூலம் 'வாலிதுஸ்' என்னும் இலத்தீன் சொல். வலிமையுள்ளது என்பது பொருள். சட்டத் தமிழில் இதற்குச் 'செல்லுபடி' என்பது வழக்கு. செல்லாக் காசு, செல்வாக்கு ஆகியவற்றில் உள்ள அதே 'செல்' தான் இதிலும் இருக்கிறது. பயணச்சீட்டுக்கு அது போதும், ஏனெனில் ஒன்று செல்லும், அல்லது செல்லாது. தேர்வு அப்படியன்று. கல்வியியல் நூல்களில் வழங்கும் 'ஏற்புடைமை'யே எனக்குச் சரியாகப் படுகிறது. 'ஏல்' என்ற வேரிலிருந்து வரும் 'ஏற்ற' என்னும் சொல், 'எதற்கு, யாருக்கு ஏற்றது?' என்று கேட்கவைத்துக்கொண்டே இருக்கிறது.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் உட்காருதல், நடத்தல், குதித்தல் போன்ற பெரிய அசைவுகளை எவ்வளவு செய்கிறார்கள் என்று அளக்கும் 'ஜிஎம்எஃப்எம்' அளவீட்டின் முழு வடிவில் 88 பணிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 60 செ.மீ. வட்டத்துக்குள் ஒற்றைக்காலில் 10 முறை குதிப்பது அவற்றுள் ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் பாண்டிக் கட்டத்தில் நொண்டியடிக்கும்போது செய்வதற்கு நெருக்கமானது. இயல்பான வளர்ச்சியுள்ள 5 வயதுக் குழந்தையே அத்தனை பணிகளையும் முடித்துவிடும் என்பதால், நன்றாக நடந்து ஓடும் பாதிப்புக் குறைந்த பிள்ளைகள் உச்ச மதிப்பெண்ணை எட்டிவிட, அதற்கு மேல் வரும் முன்னேற்றம் அதில் தெரிவதில்லை. அதனால்தான் உயர்நிலை இயக்கங்களுக்கெனத் தனித் தேர்வு தேவைப்படுகிறது. அதை நலமான குழந்தைகளிடமும் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம், வயது கூடக்கூட மதிப்பெண்ணும் கூடுகிறதா என்று அறிவதே. 6 வயதும் 10 வயதும் ஒரே எண்ணில் நின்றால் தேர்வில்தான் குறை.

வேற்று நாட்டில் ஏற்புடைமை நிறுவப்பட்ட தேர்வு கொங்கு நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நடக்கும் பணி ஒரு தேர்வில் இருந்தால், கூடைப்பந்தைத் தொட்டே இராத கோபிசெட்டிபாளையத்துச் சிறுமியிடம் அது அளப்பது திறனையா, பழக்கத்தையா என்பதை இங்குள்ள பிள்ளைகளிடம் வைத்துத்தான் காண வேண்டும்.