கடையை விற்றுத் தரும் புரோக்கருக்கு ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எதற்கு?

அமெரிக்காவில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டலையோ பேக்கரியையோ விற்றுத் தர வருபவர், தன்னை பிசினஸ் புரோக்கர் என்று சொல்லிக்கொள்வார். அந்தப் பெயரில் நாடு முழுக்கச் செல்லுபடியாகும் லைசென்ஸ் எதுவும் கிடையாது. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விற்பது எது என்பதைப் பொறுத்தும் மாறும்: நிலமும் கட்டடமுமா, லீஸா, சரக்கும் குட்வில்லுமா (தொழில் சம்பாதித்த நற்பெயரின் மதிப்பு), கம்பெனியின் பங்குகளா? கமிஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

நிலமும் கட்டடமும் சேர்ந்து கைமாறினால் குழப்பம் இல்லை. கமிஷனுக்காக அடுத்தவர் சொத்தை விற்றுத் தர எந்த மாநிலத்திலும் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வேண்டும். சிக்கலெல்லாம் வாடகைக் கடையில்தான். கட்டடம் நம்முடையது இல்லையே, லீஸ்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். டெக்சாஸ் சட்டமோ குத்தகை உரிமையையும் ரியல் எஸ்டேட் என்றே கணக்கில் எடுக்கிறது. அங்கே பிசினஸ் புரோக்கருக்கென்று தனி லைசென்ஸ் இல்லாவிட்டாலும், பேக்கரியோடு மிச்சமிருக்கும் ஐந்து வருட லீஸும் வாங்குபவர் கைக்குப் போகிறது என்றால், அதைப் பேசி முடிப்பவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கலிஃபோர்னியா இன்னும் கறார். அங்கே நிலம், லீஸ் எதுவுமே இல்லாமல் ஒரு தொழிலையும் அதன் குட்வில்லையும் மட்டும் விற்றுத் தந்தாலும் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் தேவை. தொழில்கள், வல்லுநர் பணிகள் சட்டத்தின் 10131-ஆம் பிரிவு, நிலத்தையும் தொழிலையும் ஒரே வரியில் வைத்துத்தான் புரோக்கர் யார் என்று சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலையைச் செய்தால் தனிநபருக்கு 20,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃப்ளோரிடாவும் தொழில் விற்பனையை ரியல் எஸ்டேட் சட்டத்துக்குள்தான் வைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் புரோக்கர் வேலை பார்ப்பது அங்கே மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். இல்லினாய் வழி வேறு: 1995-ஆம் ஆண்டின் பிசினஸ் புரோக்கர் சட்டப்படி மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

என்னைக் கேட்டால், அபராதத்தை விடப் பெரிய அடி கமிஷனில்தான். கலிஃபோர்னியாவில் கமிஷன் பாக்கிக்காக வழக்குப் போடுபவர், அந்த வேலையைச் செய்த சமயத்தில் தன்னிடம் லைசென்ஸ் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். பேரம் படிந்து பணம் கைமாறிய பிறகு எடுத்த லைசென்ஸ் உதவாது. சரி, லைசென்ஸ் இல்லாத புரோக்கர், நில விற்பனையை மட்டும் பார்த்துக்கொள்ள லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாமா? தொழில் விற்பனைக்கு லைசென்ஸ் கேட்காத மாநிலங்களில் அப்படிச் செய்கிறார்கள். நிலத்துக்குத் தனி ஒப்பந்தம், தனி கமிஷன். கலிஃபோர்னியாவில் அது எடுபடாது. லைசென்ஸ் தேவைப்படும் வேலைக்காக லைசென்ஸ் இல்லாதவருக்குக் கமிஷனில் பங்கு தருவதே அங்கே தவறு.

பங்குகளாக விற்றால் கதை வேறு. கம்பெனியின் பங்குகள் முழுவதையும் விற்றாலும் அது பங்குப்பத்திர விற்பனைதான் என்று 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது புரோக்கர் மத்திய பங்குச்சந்தை ஆணையத்தில் பதிய வேண்டுமா என்ற கேள்வி எழும். 2023 மார்ச் 29 முதல் சிறு கம்பெனிகளின் புரோக்கர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு: வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் ஆண்டு லாபம் 2.5 கோடி டாலருக்குள், அல்லது மொத்த வரவு 25 கோடி டாலருக்குள் இருக்க வேண்டும். புரோக்கர் இரு தரப்புப் பணத்தையும் பங்குகளையும் கையில் வைத்திருக்கக் கூடாது. இந்த விலக்கு இருக்கிறது என்பதற்காக மாநிலத்தின் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் தேவையில்லை என்று ஆகிவிடாது. இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

தன் கடையைத் தானே விற்கும் உரிமையாளருக்கு இந்தத் தொல்லை இல்லை. வக்கீலுக்கும் விலக்கு உண்டு, ஆனால் வக்கீல் வேலை பார்க்கும் வரைக்கும்தான். ஆள் பிடித்துத் தந்து கமிஷன் கேட்டால் விலக்கு செல்லாது.

லைசென்ஸ் எண்ணை மாநில ரியல் எஸ்டேட் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எண் நடப்பில் இருக்கிறதா, ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் அதில் வரும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம், சேல்ஸ்பர்சன் லைசென்ஸ் மட்டும் உள்ளவர் தனியாக இயங்க முடியாது. அவர் எந்த புரோக்கரின் கீழ் இருக்கிறாரோ, கமிஷன் காசோலை அந்த புரோக்கர் பெயருக்குத்தான் போக வேண்டும்.